படகறை வாசலுக்கு ஒளிபுகும் பலகை

பாய்மரப் படகின் மேல்தளத்திலிருந்து உள்ளறைக்கு இறங்கும் வாசலைக் கடலோடிகள் கம்பேனியன்வே என்கிறார்கள். சுக்கான் பிடிப்பவர் அமரும் காக்பிட் ஒரு பக்கம். அடுப்பும் படுக்கையும் வரைபட மேசையும் உள்ள அறை மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் இந்த ஒரு வழிதான். கீல் வைத்த கதவு சில படகுகளில் உண்டு என்றாலும் பலவற்றில் ஏற்பாடு வேறு. தலைக்கு மேலே முன்னும் பின்னும் நகரும் ஒரு மூடி இருக்கும். அதற்குக் கீழே, வாசலின் இரு பக்கச் சட்டங்களிலும் எடுத்த காடிகளுக்குள் மேலிருந்து இறக்கும் இரண்டு அல்லது மூன்று பலகைகள் இருக்கும். பழைய மளிகைக் கடையை இரவில் அடைக்கும்போது எண் போட்ட பலகைகளைக் காடியில் ஒவ்வொன்றாகச் செருகுவது போன்ற வேலை இது. கடையில் பலகைகள் நெட்டுக்குத்தாக நிற்கும், படகில் குறுக்காக ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்.

இந்த வாசல் பலகைகள் வழக்கமாகத் தேக்கில் அல்லது கடல்தர ஒட்டுப்பலகையில் செய்யப்படுகின்றன. 1970களிலும் 80களிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆயிரக்கணக்கில் வார்க்கப்பட்ட கண்ணாடியிழைப் படகுகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கலிஃபோர்னியாவில் 1974 முதல் கட்டப்பட்ட கேட்டலினா 30 என்ற ஒரு வகை மட்டுமே 6,000க்கு மேல் கடலில் இறங்கியது. அந்தத் தலைமுறைப் படகுகளின் உள்ளறை பெரும்பாலும் கருமையான மர வேலைப்பாடும் சிறிய பக்கச் சன்னல்களும் கொண்டது. வாசல் திறந்திருக்கும்வரை வெளிச்சத்துக்குக் குறைவில்லை. மழைக்கோ குளிருக்கோ பலகைகளை இறக்கிவிட்டால் பகலிலேயே விளக்குப் போட வேண்டிய இருட்டு வந்துவிடும். அதனால்தான் மரப் பலகைகளை எடுத்துவிட்டு ஒளிபுகும் பிளாஸ்டிக் பலகைகளை வைப்பது பழைய படகு வைத்திருப்பவர்களிடையே பரவலான மாற்றமாக இருக்கிறது. ஒரு வார இறுதியில் கையாலேயே முடித்துவிடக்கூடிய வேலை. ஆனால் புயலில் கடலுக்கும் அறைக்கும் நடுவே நிற்பது இந்தப் பலகைதான். எந்தப் பிளாஸ்டிக், எவ்வளவு தடிமன், எங்கே துளை என்ற ஒவ்வொரு முடிவும் அதை மனத்தில் வைத்தே எடுக்கப்பட வேண்டும்.

வெளிச்சம் கிடைப்பது முதல் பயன். தெளிவான அக்ரிலிக் தகடு தன்மேல் விழும் ஒளியில் சுமார் 92 சதவீதத்தை உள்ளே விடும். சாதாரணச் சன்னல் கண்ணாடியைவிட இது சற்றுக் கூடுதல். வெளிச்சத்தைவிடப் பெரிய பயன் பார்வை. நங்கூரமிட்ட படகு தானாகவே காற்றை நோக்கித் திரும்பி நிற்கும். வாசல் பின்பக்கம் பார்த்திருப்பதால் மழைச்சாரல் அதில் நேராக அடிப்பது குறைவு. கொட்டும் மழையில் படுக்கையில் இருந்தபடியே கரை விளக்குகளையும் பக்கத்துப் படகையும் பார்த்து, நங்கூரம் பிடிமானம் இழந்து இழுபடுகிறதா என்று அறிந்துகொள்ளலாம். இருவர் மட்டும் போகும் பயணத்தில் இதன் அருமை இன்னும் தெரியும். இரவு முறைக்காவலில் ஒருவர் சுக்கானில் இருப்பார், மற்றவர் கீழே உறங்குவார். நடுவில் விழித்துக் கண்ணைத் திறந்தால் மேலே இருப்பவரின் உருவம் தெரிகிறது. மரப் பலகைக்குப் பின்னால் படுத்திருப்பவருக்கு இந்த நிம்மதி கிடைக்காது.

மறைவிலிருந்து வெளியே பார்க்கும் விருப்பம் கடலோடிகளுக்குப் புதிதன்று. 1964இல் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடக்கும் போட்டியில் வென்ற பிரெஞ்சு மாலுமி எரிக் தபார்லி, சண்டர்லாண்ட் வகைக் கடல் விமானம் ஒன்றின் ஒளிபுகும் குமிழியைத் தம் பென் டூயிக் 2 படகின் தளத்தில் பொருத்தி, அறைக்குள் இருந்தபடியே நாலு திசையும் நோக்கினார். இருந்தாலும் ஒளிபுகும் பலகை காவலுக்கு மாற்றாகிவிடாது. கண்ணாலும் காதாலும் சரியான கண்காணிப்பு இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது மோதல் தவிர்ப்புக்கான பன்னாட்டு விதிகளில் ஐந்தாவது. உப்புநீர் காய்ந்து படிந்த பலகையின் வழியே தெரிவது பின்பக்கத்தில் ஒரு துண்டு மட்டுமே.

பலகை எதைத் தாங்க வேண்டும் என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். ஒரு மீட்டர் உயர நீர், ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் ஏறத்தாழ ஒரு டன் எடையாக அழுத்தும். 60 செ.மீ. அகலமும் 75 செ.மீ. உயரமும் உள்ள வாசலின் பரப்பு அரை சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பின்னாலிருந்து வரும் அலை காக்பிட்டை நிரப்பி, வாசலின்மேல் ஒரு மீட்டர் நீருக்கு ஈடான அழுத்தம் விழுந்தாலே பலகைகள் சுமார் 450 கிலோவைச் சுமக்கின்றன. உடைந்து விழும் அலையின் அடி இதைவிடக் கடுமையாக இருக்கும். அதுவும் ஒரு நொடிக்குள் வந்து விழும்.

1979 ஆகஸ்ட் மாதத்தில் நடந்த ஃபாஸ்ட்நெட் போட்டி இந்தப் பலகைகளின் வரலாற்றில் ஒரு திருப்பம். இங்கிலாந்தின் கௌஸ் நகரிலிருந்து அயர்லாந்தின் தென்முனைக்கு அப்பாலுள்ள ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றிப் பிளிமத் திரும்பும் அந்த ஓட்டத்தில் 303 படகுகள் கிளம்பின. 13ஆம் தேதி இரவு வீசிய புயலில் படகுகள் பக்கவாட்டில் சாய்ந்தன. சில முழுக்கக் கவிழ்ந்து சுழன்றன. போட்டியாளர்களில் 15 பேர் இறந்தார்கள். 24 படகுகளைக் கைவிட்டு ஆட்கள் வெளியேறினார்கள். அவற்றில் மூழ்கியவை ஐந்துதான். 19 படகுகள் பின்னர் மிதந்தபடியே மீட்கப்பட்டன. விசாரணையில் வெளிப்பட்ட குறைகளில் ஒன்று வாசல் பலகைகளைப் பற்றியது. படகு கவிழும்போது பலகைகள் காடியிலிருந்து நழுவிக் கடலில் விழுந்தன. திறந்த வாசல் வழியே நீர் அறைக்குள் புகுந்தது.

பலகைகள் நழுவியதற்குக் காரணம் அவற்றின் வடிவத்திலேயே இருக்கிறது. பல படகுகளில் வாசல் கீழே குறுகியும் மேலே விரிந்தும் இருக்கும். இதனால் பலகையை முழு உயரத்துக்குத் தூக்க வேண்டியதில்லை. சிறிது உயர்த்தினாலே காடியிலிருந்து விடுபட்டுவிடும். அமைதியான நாளில் இது கைக்கு வசதி. படகு தலைகீழாகும்போது பலகையின் சொந்த எடையே அதை அந்தச் சிறிது தூரம் நகர்த்திவிடுகிறது. பக்கங்கள் நேர்க்கோடாக உள்ள வாசலில் பலகையைக் கடைசிவரை உருவி எடுக்க வேண்டும். சிரமம் கூடுதல், பாதுகாப்பும் கூடுதல்.

இன்று உலகப் பாய்மர அமைப்பின் தொலைகடல் போட்டி விதிகள் இந்த வாசலைத் தனியாகக் கவனிக்கின்றன. மூடி திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் பலகைகள் தம் இடத்தில் நிற்கும்படி பூட்டும் வசதி வேண்டும். அந்தப் பூட்டு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும், படகு கவிழ்ந்த நிலையிலும் இயங்க வேண்டும். ஒவ்வொரு பலகையும் கயிற்றால் படகோடு பிணைந்திருக்க வேண்டும். வாசல் தளத்தின் ஓர உயரத்துக்குக் கீழே இறங்கியிருந்தால், அந்த உயரம்வரை அடைத்துவிட்டு மீதி வழியாக ஆள் போய்வர முடிய வேண்டும். போட்டிக்கே போகாதவருக்கும் இவை பொருந்தும். பிளாஸ்டிக் பலகை செய்யத் தொடங்குமுன் இவற்றைப் படித்துவிடுவது நல்லது. எத்தனை துண்டு, எந்த உயரத்தில் பிரிப்பது, எங்கே தாழ்ப்பாள் என்பவை இங்கிருந்தே தீர்மானமாகும்.

அடுத்தது பொருள். கடைகளில் கிடைக்கும் ஒளிபுகும் தகடுகளில் இந்த வேலைக்கு உரியவை இரண்டுதான்: அக்ரிலிக், பாலிகார்பனேட். முதலாவது ஜெர்மனியில் ஓட்டோ ரோமின் நிறுவனத்திலிருந்து 1933இல் பிளெக்சிகிளாஸ் என்ற பெயரில் வந்தது. பிரிட்டனில் அதே பொருள் பெர்ஸ்பெக்ஸ் எனப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் விமானியின் தலைக்கு மேலிருந்த குமிழி இதனால் ஆனது. பாலிகார்பனேட்டை 1953இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல்லும் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸும் ஒருவரை ஒருவர் அறியாமல் உருவாக்கினார்கள். மாக்ரோலான், லெக்சான் என்ற வணிகப் பெயர்கள் அப்படி வந்தவை. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். எடையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அடி விழும்போது நடந்துகொள்ளும் விதம்தான் வேறு.

அக்ரிலிக் விறைப்பானது. சுமை ஏறும்போது சற்றே வளையும். எல்லை தாண்டினால் கண்ணாடியைப் போலப் பிளந்துவிடும். பாலிகார்பனேட் சுத்தியல் அடிக்கும் உடையாத அளவுக்கு உறுதியானது; துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் அடுக்குக் கண்ணாடிகளில் அது சேர்க்கப்படுவது இந்தக் குணத்தால்தான். அதனால் பலரும் யோசிக்காமல் பாலிகார்பனேட்டை வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அதன் விறைப்பு அக்ரிலிக்கின் முக்கால் பங்கு அளவே. பெரிய அலை அடித்தால் தகடு உடையாது. நடுவில் உள்நோக்கி வில்லாக வளையும். வளையும்போது இரு ஓரங்களும் ஒன்றையொன்று நெருங்கிக் காடியை விட்டு வெளியே வரப் பார்க்கும். காடி ஆழமில்லாத படகில் முழுத் தகடும் அப்படியே அறைக்குள் வந்து விழக்கூடும். பாலிகார்பனேட் வாங்குபவர் உடையாத தன்மையை நம்பி மெல்லிய தகட்டை எடுப்பதுதான் இந்த மாற்றத்தில் நடக்கும் தவறுகளில் மோசமானது.

இங்கே தடிமனுக்கு இருக்கும் வலிமை கவனிக்கத்தக்கது. தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கமாக உயர்கிறது. 6 மி.மீ. தகட்டைவிட 12 மி.மீ. தகடு எட்டு மடங்கு விறைப்பு, 9 மி.மீ. தகட்டோடு ஒப்பிட்டால் இரண்டேகால் மடங்குக்கும் மேல். மூன்று மில்லிமீட்டர் கூடுதலுக்கு ஆகும் செலவு அற்பம். நல்ல தேக்கு, நார் ஓடும் திசையில், அதே தடிமன் அக்ரிலிக்கைவிடச் சுமார் நான்கு மடங்கு விறைப்பானது என்பதையும் மறக்கக் கூடாது. மரப் பலகையை எடுத்துவிட்டு அதைவிட மெல்லிய பிளாஸ்டிக்கை வைப்பவர் வாசலைப் பலவீனமாக்குகிறார். 30 அடிப் படகுகளின் சாதாரண அகலத்துக்கு 12 மி.மீ. என்பது குறைந்தபட்ச நியாயமான அளவு.

வெயிலைத் தாங்குவதில் அக்ரிலிக் முந்துகிறது. பல ஆண்டுகள் வெட்டவெளியில் இருந்தும் மஞ்சளாகாது. பாதுகாப்புப் பூச்சு இல்லாத பாலிகார்பனேட் புற ஊதாக் கதிரில் மஞ்சள் பூத்து மங்குவதோடு, எதற்காக வாங்கினோமோ அந்த உறுதியையும் படிப்படியாக இழக்கும். வெளிப்புறப் பயன்பாட்டுக்கான தகடுகளில் ஒரு பக்கமோ இரு பக்கமோ கதிரைத் தடுக்கும் மெல்லிய அடுக்கு சேர்ந்தே வரும்; எந்தப் பக்கம் என்று மேலுறைத் தாளில் அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்த அடுக்கு போய்விடும் என்பதால் பாலிகார்பனேட்டில் விழும் கீறல்களைப் போக்குவது கடினம். கீறலும் அதில்தான் எளிதில் விழும். அக்ரிலிக்கில் விழுந்த கீறலைப் படிப்படியாக நுண்ணிய தாளால் தேய்த்து மெருகிட்டு மீண்டும் தெளிவாக்கலாம்.

ஆக, எதைத் தேர்ந்தெடுப்பது? கரையோரமாகப் பகல் பயணம் போகும் படகுக்கு 12 மி.மீ. வார்ப்பு அக்ரிலிக் நல்ல தேர்வு. தொலைகடலுக்குப் போகும் படகுக்கு அதே தடிமனுக்கு மேல், புற ஊதாப் பாதுகாப்புள்ள பாலிகார்பனேட், ஆழமான காடியுடன். இவை இரண்டையும்விடச் சிறந்த ஒரு வழி பலர் கண்ணுக்குப் படுவதில்லை: கீழ்ப் பலகையை மரமாகவே விட்டு, மேல் பலகையை மட்டும் ஒளிபுகுவதாக்குவது. வெளிச்சமும் பார்வையும் வருவது மேல்பாதி வழியாகத்தான். கால் படுவதும், காக்பிட்டில் தேங்கும் நீர் அழுத்துவதும் கீழ்ப்பாதியில். எந்த வழியை எடுத்தாலும் பழைய மரப் பலகைகளைத் தூக்கிப் போடாமல் படகிலேயே ஒரு பெட்டியில் வைத்திருக்க வேண்டும். வானிலை கெடும்போது மாட்டுவதற்கு அவை இருக்கின்றன.

வாங்கும்போது நிறத்தையும் முடிவு செய்ய வேண்டும். தெளிவான தகடு எந்த அளவுக்கு உள்ளிருப்பவருக்கு வெளியைக் காட்டுகிறதோ அதே அளவுக்கு வெளியிலிருப்பவருக்கு உள்ளைக் காட்டும். படகுத் துறையில் நடந்துபோகிறவர் மேசைமேல் இருக்கும் கருவிகளையும் பையையும் எண்ணிவிடலாம். புகை நிறம் அல்லது வெண்கல நிறம் ஏற்றிய அக்ரிலிக் பகலில் இதற்குத் தீர்வு: உள்ளிருந்து பார்த்தால் வெளியே தெரியும், வெளியிலிருந்து பார்த்தால் கருமையான பளபளப்பு மட்டும் தெரியும். இரவில் உள்ளே விளக்கு எரிந்தால் இது தலைகீழாகிவிடும். அப்போது ஒரு சிறு திரைத்துணி தேவை. இரவுப் பயணத்தில் அந்தத் திரைக்கு இன்னொரு வேலையும் உண்டு. அறை விளக்கின் ஒளி நேராகச் சுக்கான் பிடிப்பவரின் கண்ணில் பட்டால் இருட்டுக்குப் பழகிய பார்வை போய்விடும். அது திரும்ப அரை மணி நேரம் ஆகும். மர வாசல் உள்ள படகில் யாரும் எண்ணிப் பார்த்திராத சிக்கல் இது. மங்கலான சிவப்பு விளக்குக்கு மாறுவதும் உதவும்.

அளவெடுப்பதில் அவசரம் ஆகாது. பழைய பலகையை அப்படியே அச்சாக வைத்து வரைவது எல்லாருக்கும் தோன்றும் வழி. ஆனால் முப்பது ஆண்டு தேய்ந்த பலகை தன் முதல் அளவில் இருப்பதில்லை. மெல்லிய ஒட்டுப்பலகையில் ஒரு மாதிரி வெட்டிக் காடியில் இறக்கிப் பார்த்து, திருத்தி, பிறகு அதைத் தகட்டின்மேல் வைத்து வரைவதே சரி. மரம் ஈரத்தில் ஊதும். பிளாஸ்டிக் ஊதாது, ஆனால் சூட்டில் நீளும். 60 செ.மீ. அகலத் தகடு, காலைக் குளிருக்கும் நண்பகல் வெயிலுக்கும் இடையில் வெப்பம் 30 டிகிரி உயர்ந்தால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விரியும். இரு பக்கமும் சேர்த்து இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் இறுகிக்கொள்ளாது. அதற்கு மேல் விட்டால் காடியின் பிடிப்பு குறையும். பழைய மரப் பலகை 19 மி.மீ. தடிமனாக இருந்து புதியது 12 ஆனால் காடியில் தகடு ஆடும், கடகடக்கும். காடியின் வெளிப்பக்கச் சுவரில் மெல்லிய மரப்பட்டையை ஒட்டி அந்த இடத்தை நிரப்பலாம். அப்போது அலை தள்ளும்போது தகடு உட்பக்கத்து உறுதியான சுவரிலேயே நேராகச் சாய்ந்து நிற்கும்.

ஒரே பெரிய தகடாக வைத்தால் குறுக்கே கோடில்லாத அழகான காட்சி கிடைக்கும். ஆனால் 12 மி.மீ. தடிமனில் அது ஆறரை கிலோ வரை கனக்கும். ஆடும் படகில் அதைத் தூக்கிப் பத்திரமாக வைக்க இடமும் வேண்டும். முக்கியமாக, பாதி திறக்க முடியாது. மோசமான கடலில் ஒருவர் உள்ளே போக வேண்டுமானால் வாசல் முழுவதும் திறந்தாக வேண்டும். இரண்டு துண்டாக்கினால் கீழ்த்துண்டு இடத்திலேயே இருக்க, மேல்துண்டை எடுத்துவிட்டுத் தாண்டிப் போகலாம். துண்டுகள் சந்திக்கும் விளிம்பை நேராக வெட்டினால் மழைநீர் உள்ளே வழியும். மர வேலையில் செய்வதுபோலவே வெளிப்பக்கம் தாழ்ந்திருக்கும்படி சாய்வாகவோ படியாகவோ சீவி, மேல்துண்டு கீழ்த்துண்டின்மேல் ஏறி உட்காரச் செய்ய வேண்டும்.

வெட்டுவது மரம் அறுப்பவருக்குப் பழகிய கருவிகளாலேயே நடக்கும், வேகத்தில் மட்டும் வேறுபாடு. மேலுறைத் தாளை வேலை முடியும்வரை உரிக்கக் கூடாது. பிளாஸ்டிக்குக்கென்று நுண்ணிய பற்கள் அமைந்த வட்ட ரம்பத்தால் நேர் வெட்டுகளை எடுப்பது நல்லது. வளைவுகளுக்கு ஜிக்சா போதும். வேகத்தைக் குறைத்து, தகட்டை அதிராமல் மேசையோடு இறுக்கிப் பிடித்து ஓட்ட வேண்டும். சூடேறினால் அக்ரிலிக் உருகி, ரம்பம் கடந்துபோன வெட்டு பின்னாலேயே மீண்டும் ஒட்டிக்கொள்ளும். அச்சில் ஊற்றி வார்த்த அக்ரிலிக் இதில் சொன்னபடி கேட்கும். உருளைகளுக்கிடையே இழுத்துச் செய்த மலிவான வகை சீக்கிரம் இளகிவிடும். உள்மூலை எதையும் கூராக விடக் கூடாது. எந்தக் கூர்மூலையும் விரிசலுக்குப் பிறப்பிடம். அங்கே முதலில் ஒரு துளையிட்டு வட்டமாக்கி, பிறகு வெட்டுகளை அந்த வட்டத்தில் கொண்டுவந்து முடிக்க வேண்டும்.

துளைகளுக்குத்தான் மிகுந்த பொறுமை வேண்டும். அக்ரிலிக் பலகைகள் பெரும்பாலும் நடுவில் உடைவதில்லை. பூட்டுக் கொண்டிக்காக இட்ட திருகாணித் துளையிலிருந்து விரிசல் தொடங்கி ஓரம்வரை ஓடும். உலோகத்துக்கான சாதாரணத் துளைக்கருவியின் நுனி, தகட்டின் மறுபக்கம் வெளிவரும் நொடியில் கவ்விப் பிய்த்துவிடும். பிளாஸ்டிக்குக்கென நுனி மழுக்கித் தீட்டிய கருவியும், அடியில் இறுகப் பிடித்த மரத்துண்டும் இருந்தால் துளை சுத்தமாக வரும். துளையின் விட்டம் திருகாணியைவிட ஒன்றரை அல்லது இரண்டு மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும். தகடு சூட்டில் நகரும்போது திருகாணியில் முட்டக் கூடாது. ஓரத்திலிருந்து துளை விட்டத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு தள்ளி இருக்க வேண்டும். கூம்புத் தலைத் திருகாணி ஆப்பு போல் துளையைப் பிளக்கும் என்பதால், தட்டையான அடிப்பாகம் உள்ள தலையும் அகன்ற வாஷரும், நடுவே ரப்பர் வளையமும் பயன்படுத்துவார்கள். பி.வி.சி. வளையம் கூடாது, அதிலிருந்து கசியும் மென்மையூட்டி தகட்டைத் தாக்கும். நட்டு கழன்றுவிடாமலிருக்க இடும் திருகுப் பசையும் அப்படித்தான். அதற்குப் பதில் நைலான் பூண் பதித்த நட்டு போதும். இறுக்குவது விரல் பலத்துக்குச் சற்று மேல் என்ற அளவில் நிற்க வேண்டும்.

ஓரங்களை அரத்தாலோ சுரண்டு தகட்டாலோ சமனாக்கி, 220இல் தொடங்கி 400, 600 என்று நீர் தொட்ட உப்புத்தாளால் தேய்த்தால் ரம்பப் பல்லின் தடங்கள் மறையும். இது அழகுக்கு மட்டுமன்று. ஒவ்வொரு தடமும் ஒரு குட்டி விரிசல். விளிம்புகளை இரண்டு மூன்று மி.மீ. உருட்டிவிட்டால் கையையும் வெட்டாது, காடியையும் அராது. சிலர் அக்ரிலிக் ஓரத்தைச் சுடரால் வருடிப் பளபளப்பாக்குகிறார்கள். கண்ணுக்கு நன்றாக இருந்தாலும் அந்தச் சூடு ஓரத்தில் உள்ளிறுக்கத்தை விட்டுச் செல்கிறது. பிறகு ஏதேனும் கரைப்பான் பட்டால் அங்கேதான் வலைப்பின்னலாக வெடிக்கும்.

தூக்குவதற்குப் பலகையில் விரல் நுழையும் துளை போடுவது நீரை வரவேற்பது. உட்பக்கம் ஒரு கைப்பிடிப் பட்டையைப் பொருத்துவது நல்லது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு சிறு துளையிட்டுக் கயிறு கட்டி, மறுமுனையை அறைக்குள் ஒரு வளையத்தில் மாட்ட வேண்டும். இந்தக் கயிறு மரப் பலகைக்குத் தேவைப்பட்டதைவிடப் பிளாஸ்டிக் பலகைக்கு இன்னும் தேவை. தேக்கின் அடர்த்தி நீரைவிடக் குறைவு, தவறி விழுந்தால் மிதக்கும், திரும்பிப் போய் எடுத்துவரலாம். அக்ரிலிக், பாலிகார்பனேட் இரண்டும் கடல்நீரைவிடக் கனமானவை. விழுந்த கணமே மூழ்கிவிடும். பூட்டுக்கு, மேல்பலகையை நகர் மூடியோடு இணைக்கும் கொண்டியை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு துண்டும் மேலே எழும்பாதபடி சட்டத்தில் சிறு தாழ்ப்பாள்கள் வைப்பது 1979 கற்றுத்தந்த பாடம்.

வெயில் நாடுகளில் இந்த மாற்றத்துக்கு ஒரு விலை உண்டு. மூடிய அறைக்குள் ஒளிபுகும் பலகை வழியே நுழையும் வெயில் வெளியேற வழியின்றிச் சூடாகத் தங்கும். மாலை வெயில் நேராக விழும் திசையில் கட்டியிருந்தால் மெத்தைத் துணி வெளுக்கும், வார்னிஷ் உரியும். மரப் பலகைகளில் இருந்த காற்றுச் சாய்வுத் துவாரங்கள் புதியதில் இல்லாமல் போய்விடுவதால் பூஞ்சணமும் சேரலாம். மேல்துண்டில் மழை புகாத மூடியுள்ள ஒரு காற்றுக் குமிழைப் பொருத்துவதும், படகை விட்டுப் போகும் நாட்களில் பலகைமேல் துணி உறை போடுவதும் இதைச் சமாளிக்கும். நங்கூரத்தில் கழிக்கும் கோடை இரவுகளுக்குக் கொசுவலை பதித்த மூன்றாவது ஒரு சட்டத்தையும் அதே மாதிரியிலிருந்து வெட்டி வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. பலகைகளைக் கழற்றி வைக்கும்போது ஒவ்வொன்றுக்கும் தனி மெத்தைத் துணிப் பை வேண்டும்; ஒன்றோடொன்று உரசினால் ஒரே பயணத்தில் பார்வை மங்கிவிடும்.

சுத்தம் செய்யும் முறை எளிது, ஆனால் விலகக் கூடாதது. முதலில் நல்ல தண்ணீரை ஊற்றி உப்புப் படிவத்தைக் கரைத்துக் கழுவ வேண்டும்; காய்ந்த உப்பின்மேல் துணி ஓட்டுவது மணலால் தேய்ப்பதற்குச் சமம். பிறகு மென்மையான சோப்பு நீர், பருத்தித் துணி. அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான், அசிட்டோன், தின்னர், பெட்ரோல் எதுவும் அருகில் வரக் கூடாது. வாசல் சட்டத்துக்கு வார்னிஷ் அடிக்கும் நாளில் பலகைகளைக் கழற்றிவிட வேண்டும். கொசு விரட்டியில் உள்ள டீட் என்ற வேதிப்பொருள் சில பிளாஸ்டிக்குகளை இளக்கும்; அதைப் பூசிய கையோடு பலகையைப் பிடித்தால் கைரேகை நிரந்தரமாகப் பதிந்துவிடலாம்.

ஆண்டுக்கு ஒரு முறையாவது பலகைகளை வெயிலுக்கு எதிரே சாய்த்துப் பிடித்து, துளைகளைச் சுற்றியும் ஓரங்களிலும் பார்க்க வேண்டும். வெள்ளி நூல் போன்ற மெல்லிய கோடுகள் கூட்டமாகத் தெரிந்தால் அது மேற்பரப்பு வெடிப்பு. பலகையின் நடுவில் மேலோட்டமாக இருந்தால் தேய்த்து நீக்கலாம். துளையிலிருந்து கதிராகக் கிளம்பியிருந்தால் அந்தப் பலகையின் காலம் முடிந்தது. விரிசலின் முனையில் துளை போட்டு நிறுத்துவதோ பசை ஊற்றுவதோ அலை முன் நிற்காது. பாலிகார்பனேட்டில் வெளிப்பக்கம் மஞ்சளாகிப் பால்போல் மங்கியிருந்தால், உடைந்திராவிட்டாலும், உறுதி குறைந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். முதல் முறை வெட்டிய ஒட்டுப்பலகை மாதிரியைப் பத்திரப்படுத்தியிருந்தால் புதியதை வெட்ட மறுபடி அளவெடுக்கத் தேவையில்லை.